பவளத்தின் பகைவரும் நண்பரும்

களை பறிக்கப் புகுந்தவன் பயிரையும் சேர்த்துப் பறித்துவிட்டால் அவனுக்கு விளைவது ஒன்றுமில்லை. வயலில் எளிதாக விளங்கும் இவ்வுண்மை, கண்ணாடித் தொட்டியின் முன் நிற்கும்போது மறந்துபோகிறது. கடல்நீர் நிரப்பிய தொட்டிகளில் உயிருள்ள பவளங்களை வளர்ப்போர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலர் உளர். பவளத்தை அரிக்கும் பூச்சியொன்றைக் கண்டதும் மருந்தைத் தொட்டியிலேயே ஊற்றிவிடுவோர் அவர்களிடையே உண்டு. பூச்சி மடிகிறது, தொட்டியைக் காத்துவந்த சிற்றுயிர்களும் உடன் மடிகின்றன. இவ்விழப்பைத் தவிர்ப்பது எவ்வாறு என்பதையே இங்கு ஆராய்வோம்.

பவளம் கல்லுமன்று, செடியுமன்று. நுண்ணிய பிராணிகள் பல ஒன்றுகூடி, தாமே சுரந்த சுண்ணாம்பின்மீது வாழும் குடியிருப்பே அது. அதன் தசைக்குள் ஒருவகை நுண்பாசி தங்கி, ஒளியின் உதவியால் உணவு ஆக்கிப் பவளத்துக்கும் பங்கு தருகிறது. தொட்டியிலும் இத்தகைய கூட்டு வாழ்க்கையே நடைபெறுகிறது. மீன்களின் கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியா என்னும் நஞ்சைப் பாக்டீரியாக்கள் படிப்படியாக மாற்றித் தீங்கு குறைந்த நைட்ரேட் ஆக்குகின்றன. நத்தைகள் பாசியை மேய்கின்றன. மயிரடர்ந்த புழுக்கள் மணலில் எஞ்சிய உணவைத் தின்று நீரைத் தூய்மை செய்கின்றன. பவளக் கிளைகளிடையே வாழும் சிறு நண்டுகளோ, கடலில் முட்கிரீட நட்சத்திரமீன் பவளத்தைத் தின்ன வரும்போது அதனைக் கிள்ளித் துரத்தும் காவலர்கள். ஆதலின், ஊர்வனவற்றையெல்லாம் பகையென்று கொள்வது பெரும் பிழை.

மெய்யான பகைவர் யாவர்? மான்கொம்பைப் போலக் கிளைக்கும் அக்ரோபோரா என்னும் பவளத்தைப் பற்றும் இரண்டினை எடுத்துக்கொள்வோம். முதலாவது, 1981-ஆம் ஆண்டில் டெகாஸ்டிஸ் அக்ரோபொரானஸ் என்று விஞ்ஞானிகள் பெயரிட்ட உயிர். அரை மில்லிமீட்டர் அளவே உள்ள அதன் மஞ்சள் உடலில் ஒரு சிவப்புப் புள்ளி உண்டு. உருப்பெருக்கிக் கண்ணாடியின்றி அதனைக் காண்பது அரிது. நாய்களுக்கு இதயப்புழு வராமல் தடுக்கக் கொடுக்கும் மில்பமைசின் ஆக்ஸைம் என்னும் மருந்து இதனைக் கொல்லும். ஆனால் இப்பூச்சி இறாலும் நண்டும் சேர்ந்த குலத்தைச் சார்ந்தது. மருந்துக்குக் குலம் தெரியுமேயன்றிக் குணம் தெரியாது. பகைவனைக் கொல்லும் அதே மருந்து காவல் நண்டையும் கொல்லும்.

இரண்டாவது, அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழு. பவளத்தின் நிறமே இதன் நிறமாதலால், கிளையோடு ஒட்டியிருக்கையில் கண்ணுக்குத் தென்படுவதில்லை. பவளத்தின்மீது வட்ட வட்டமாக வெளிறிய கடித்தழும்புகளும், அடிப்பகுதியில் பழுப்பு நிற முட்டைத் திரள்களுமே இதனைக் காட்டிக்கொடுக்கும். தொட்டிகளில் கிடைத்த புழுக்களைக் கொண்டே இவ்வினம் 2011-இல் பெயர் பெற்றது. ஆஸ்திரேலியாவின் கிரேட் பாரியர் ரீஃப் பகுதியில், இயற்கைக் கடலில் இதனைக் கண்ட செய்தி அதற்கடுத்த ஆண்டிலேதான் வெளியாயிற்று. கடலில் இப்புழுவைத் தின்னும் உயிர்கள் உண்டு. அவையில்லாத தொட்டியில் அது தடையின்றிப் பெருகுகிறது.

பரிகாரம் யாது? மருந்தை வீட்டுக்குள் கொண்டுவராமல் நோயாளியை மருந்திடம் அழைத்துச் செல்வதே சிறந்த வழி. முதலில் கிளைகளிடையே உள்ள நண்டுகளை மெல்லிய குச்சியால் தூண்டி வெளியேற்றித் தொட்டியிலேயே விட்டுவிட வேண்டும். பின்னர், தொட்டியின் நீரையே ஒரு வாளியில் எடுத்து, அயோடின் கலந்த கரைசல் முதலிய குளிப்பு மருந்தை அதன் சீட்டில் கண்ட அளவில் கலந்து, பவளத்தைக் குறித்த நிமிடங்கள் மட்டும் அமிழ்த்த வேண்டும். சிறு பீச்சுக்குழலால் நீரைப் பாய்ச்சினால் தளர்ந்த புழுக்கள் உதிரும். வேறொரு வாளியில் அலசிய பிறகு பவளத்தைத் தனித் தொட்டியில் வைத்தல் நலம். மருந்து நீரை எக்காரணத்தாலும் பெரிய தொட்டியில் திருப்பி ஊற்றலாகாது.

ஒரு முறை குளிப்பாட்டியதும் வேலை முடிந்தது என்று எண்ணுவோர் ஏமாறுவர். குளிப்பு மருந்து தட்டைப்புழுவின் முட்டைக்குள் புகுவதில்லை. முட்டைகளைக் கத்தியால் சுரண்டி எடுக்க வேண்டும். அல்லது அவை ஒட்டிய அடிப்பகுதியையே வெட்டிக் களைய வேண்டும். முட்டை பொரிக்க ஏறக்குறைய இரண்டு வாரங்களாகும். நீர் குளிர்ந்திருப்பின் மேலும் சில நாட்கள் செல்லும். ஆகவே வாரம் ஒரு முறையாக ஆறு வாரங்கள் வரை குளிப்பாட்டுதல் வேண்டும். இக்காலத்தில் பெரிய தொட்டியில் அக்ரோபோரா இல்லையேல், அங்கே பொரிக்கும் குஞ்சுகள் உணவின்றி மடியும். மருந்து ஒரு துளியும் சேராமலே தொட்டி தூய்மையாகிவிடும்.

இயற்கையின் துணையும் நமக்கு உண்டு. ஆறு கோடுகள் கொண்ட சிக்ஸ்லைன் ராஸ் என்னும் சிறுமீன் தட்டைப்புழுவைத் தின்பதையும், பெப்பர்மின்ட் இறால் வகை ஒன்று புழுவோடு அதன் முட்டைகளையும் தின்பதையும் ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். இவை புழுவின் தொகையைக் குறைக்கும். அடியோடு ஒழித்துவிடும் என்று நம்பிவிடலாகாது. குளிப்பாட்டுதலுக்கு இவை துணையேயன்றி மாற்றல்ல.

கட்ச் வளைகுடாவின் கரையிலும், இலட்சத்தீவுகளிலும், அந்தமானிலும் பணியாற்றும் நம்மவர் நினைவிற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நம் நாட்டுக் கடலிலுள்ள கற்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. உயிருள்ள கிளையை ஒடிப்பது மட்டுமன்றி, செத்த துண்டை ஊருக்கு எடுத்துச் செல்வதும் குற்றமாகும். அப்பவளங்களுக்குரிய தொட்டி கடல் ஒன்றே.

எனினும் மேலே கண்ட நெறி பவளத்துக்கு மட்டும் உரியதன்று. வீட்டிலுள்ள நன்னீர் மீன்தொட்டிக்கும் அது பொருந்தும். நோயுற்ற மீனைத் தனியே பிரித்து மருந்திடுவோர், ஏனைய உயிர்களைக் காப்பாற்றுகின்றனர். பகையை ஒழிக்குமுன் நண்பர் யாரென அறிந்துகொள்வதே வைத்தியத்தின் முதற்படி.