மேலிடத்து உத்தரவும் போலீஸ்காரர் துப்பாக்கியும்
வர்கீஸ் வழக்கு கிளப்பிய விவாதம் இன்னும் ஓயவில்லை

சித்திரபுரம்:

பிப்ரவரி 18ஆம் தேதி வந்தால் மலையாளப் பத்திரிகைகளில் ஒரு மூலையிலாவது வர்கீஸ் என்ற பெயர் தலைகாட்டும். சித்திரபுரம் கடைவீதி டீக்கடையில் மலையாளம் படிக்கத் தெரிந்த ஒருவர் செய்தியை உரக்கப் படிப்பார். மற்றவர்கள் தமிழில் சண்டை போடுவார்கள். சண்டை எப்போதும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்.

"மேலதிகாரி சுடு என்றால் போலீஸ்காரன் என்ன செய்வான்? பெண்டாட்டி பிள்ளைகளைப் பட்டினி போடுவானா?" என்பது ஒரு கட்சி.

"கையும் காலும் கட்டிக் கிடக்கிறவனைச் சுடுவதும் ஒரு டியூட்டியா?" என்பது எதிர்க்கட்சி.

இந்தக் கேள்வி தோட்டத் தொழிலாளிக்கும் ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் புதிதல்ல. "சொன்னதைச் செய், கேள்வி கேட்காதே" என்ற பாடத்தில்தான் நம்மவர்களின் பிழைப்பே ஓடுகிறது. தப்பு வெளிவந்தால் கையெழுத்துப் போட்டவன் மாட்டிக்கொள்வான், போடச் சொன்னவர் பதவி உயர்வில் போயிருப்பார். ஆனால் குமாஸ்தா போடுவது கையெழுத்து. போலீஸ்காரர் கையில் இருப்பது துப்பாக்கி.

திருநெல்லியில் நடந்தது

இது நம் திருநெல்வேலி அல்ல. வயநாட்டு மலையில், காட்டுக்கு நடுவே பழைய விஷ்ணு கோயில் இருக்கும் திருநெல்லி. அந்தப் பக்கத்து ஆதிவாசிகள் அடியரும் பணியரும். வள்ளியூர்க்காவு பகவதி கோயில் திருவிழாவில் நிலச்சுவான்தார்கள் இவர்களுக்கு முன்பணம் கொடுத்து, ஓராண்டு வேலைக்கு அமர்த்திக்கொள்வது வழக்கமாக இருந்தது. ஆண்டு முழுவதும் அந்தக் குடும்பம் அவருக்குச் சொந்தம் என்ற கணக்கு. கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு மலையேறிய பாட்டனார்களின் கதையைக் கேட்டு வளர்ந்த மூணாறு, தேவிகுளத்துத் தமிழர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

அங்கேதான் வர்கீஸ் வேலை செய்தார். வயநாட்டுக் குடியேற்றக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. முதலில் மார்க்சிஸ்ட் கட்சி ஊழியர், பிறகு நக்சலைட். ஆதிவாசிகள் அவரை 'பெருமன்' என்றார்கள். 1970 பிப்ரவரியில் நக்சலைட்டுகள் திருநெல்லிப் பக்கம் நடத்திய தாக்குதலில் இரண்டு பேர் கொலையானார்கள். போலீசார் அவரை வலைபோட்டுத் தேடினார்கள். பிடித்துக் கோர்ட்டில் நிறுத்த அவர்களுக்குக் காரணம் இருந்தது. இதை மறைத்துவிட்டு வர்கீஸைப் பற்றி எழுதுவது நியாயமாகாது.

பிப்ரவரி 18ஆம் தேதி அவர் இறந்தார். போலீசாருடன் நடந்த துப்பாக்கிச் சண்டையில் சுடப்பட்டார் என்று அரசு அறிவித்தது. பத்திரிகைகளும் அப்படியே போட்டன. காட்டில் நடந்த சங்கதி; மறுத்துச் சொல்ல வெளியாள் சாட்சி இல்லை. கோப்பு மூடப்பட்டது. அவர் விழுந்து கிடந்த பாறைக்கு மட்டும் ஊர்க்காரர்கள் வர்கீஸ் பாறை என்று பெயர் வைத்தார்கள்.

கை தூக்காத போலீஸ்காரர்

இருபத்தெட்டு ஆண்டுகள் கழிந்தன. 1998இல் பி. ராமச்சந்திரன் நாயர் என்ற முன்னாள் போலீஸ்காரர், "வர்கீஸைச் சுட்டவன் நான்தான்" என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். கேரளமே திடுக்கிட்டது.

அவர் சொன்ன விவரம் இது. வர்கீஸ் ஒரு வீட்டில் உயிரோடு பிடிபட்டார். கைகள் கட்டப்பட்டன. துப்பாக்கிச் சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. அன்றைக்கு அங்கே இருந்த டெபுடி சூப்பிரண்டு கே. லட்சுமணா, இவரைச் சுட யார் தயார் என்று போலீஸ்காரர்களைக் கேட்டார். மற்றவர்கள் கை தூக்கினார்கள். நாயர் தூக்கவில்லை. அப்படியானால் நீதான் சுடவேண்டும் என்று உத்தரவு வந்தது. மறுத்தால் நீயும் மோதலில் செத்தவனாவாய் என்ற மிரட்டலும் கூடவே வந்தது. நாயர் சுட்டார். சுடுவதற்கு முன் எனக்குச் சொல்லிவிடு, கோஷம் போட்டுவிட்டுச் சாகிறேன் என்று வர்கீஸ் கேட்டுக்கொண்டதாகவும் நாயர் பின்னாளில் சொன்னார்.

இத்தனை காலம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று அன்றைக்கே பலர் கேட்டார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் நாயர் முழுக்க மௌனமாக இருந்தார் என்று சொல்ல முடியாது. பல ஆண்டுகளுக்கு முன்பே ஒப்புதலைக் கடிதமாக எழுதி, மாவூர் குவாலியர் ரேயான் தொழிற்சங்கத் தலைவரும் முன்னாள் நக்சலைட்டுமான கிரோ வாசுவிடம் கொடுத்து வைத்திருந்தார். சுட்டவர் தம் ஒப்புதலைக் கொண்டுபோய்க் கொடுத்தது, சுடப்பட்டவரின் தோழரிடம்.

1999 ஜனவரியில் கேரள ஐகோர்ட் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. குற்றவாளிப் பட்டியலில் முதல் பெயர் ராமச்சந்திரன் நாயர். இரண்டாவது லட்சுமணா, அவர் அதற்குள் ஐ.ஜி.யாக ஓய்வு பெற்றிருந்தார். மூன்றாவது பி. விஜயன், சம்பவத்தின்போது டி.ஐ.ஜி., பிற்பாடு மாநிலப் போலீஸ் தலைமை வரை உயர்ந்தவர். உண்மையைச் சொன்னவர் முதல் குற்றவாளி ஆனார். சட்டப்படி அது சரிதான், விசையை அழுத்தியது அவர் விரல் அல்லவா. ஆனாலும் டீக்கடையில் இந்த இடம் வரும்போது யாரும் உடனே வாய் திறப்பதில்லை.

வழக்கு மெதுவாக நகர்ந்தது. 2006இல் நாயர் இறந்துபோனார். அவர் கதையை வைத்து 2008இல் 'தலப்பாவு' என்ற மலையாளப் படம் வந்தது. போலீஸ்காரராக நடிகர் லால் நடித்தார். படம் வந்தபோதும் கோர்ட்டில் தீர்ப்பு வந்திருக்கவில்லை.

முதல் குற்றவாளி இல்லாமலேயே விசாரணை நடந்தது. ஒப்புதல் வாக்குமூலம் தந்தவர் இறந்துவிட்ட நிலையில், அவரைக் குறுக்கு விசாரணை செய்ய வழியில்லை. வழக்கு அங்கேயே படுத்திருக்கும். சம்பவ இடத்தில் இருந்த இன்னொரு முன்னாள் போலீஸ்காரர் கூண்டேறிக் கண்டதைச் சொன்னதால்தான் பிழைத்தது. எர்ணாகுளம் சி.பி.ஐ. தனிக்கோர்ட் நீதிபதி எஸ். விஜயகுமார் 2010 அக்டோபர் 27ஆம் தேதி லட்சுமணா குற்றவாளி என்று தீர்ப்பளித்தார். மறுநாள் ஆயுள் தண்டனையும் பத்தாயிரம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. விஜயன் மீதான குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுவித்தார்.

சம்பவத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவே நாற்பது ஆண்டு எட்டு மாதம்.

எது டியூட்டி?

விவாதத்தின் கரு இங்கேதான் இருக்கிறது. டியூட்டியில் இருந்தபோது சுட்டாரா, டியூட்டி இல்லாதபோது சுட்டாரா என்றுதான் பொதுவாக நாம் கேட்கிறோம். ரோஸ்டரில் பெயர் இருந்தால் டியூட்டி, இல்லாவிட்டால் இல்லை என்று எண்ணுகிறோம். ரயில்வேயிலும் தோட்டத்திலும் அந்தக் கணக்கு செல்லும். துப்பாக்கி விஷயத்தில் செல்லாது.

அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு இதற்கு நல்ல உதாரணம். டாலஸ் நகரில் 2018 செப்டம்பரில் ஆம்பர் கைகர் என்ற பெண் போலீஸ் ஷிப்டு முடிந்து, யூனிபாரத்தைக் கூடக் கழற்றாமல் தம் குடியிருப்புக்குத் திரும்பினார். மூன்றாம் மாடியில் தம் வீடு இருக்க, நான்காம் மாடியில் வேறொருவர் வீட்டுக்குள் நுழைந்துவிட்டார். உள்ளே உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்த போதம் ஜீன் என்ற 26 வயது கணக்காளரைத் திருடன் என்று எண்ணிச் சுட்டுக்கொன்றார். என் வீடு என்று நினைத்தேன், பயந்துவிட்டேன் என்றார். 2019 அக்டோபரில் ஜூரிகள் அதைக் கொலை என்றே முடிவு செய்து பத்தாண்டுச் சிறை விதித்தார்கள். இறந்தவரின் தம்பி கோர்ட்டிலேயே அந்தப் பெண்ணை மன்னித்துக் கட்டிக்கொண்டார். பத்தாண்டு குறைவு என்று கோர்ட்டுக்கு வெளியே ஜனங்கள் கோஷமிட்டார்கள்.

அங்கே உடம்பில் யூனிபாரம் இருந்தது, டியூட்டி இல்லை. திருநெல்லியில் டியூட்டியும் இருந்தது, மேலதிகாரியின் உத்தரவும் இருந்தது. ஆனால் ஓர் ஆளைப் பிடித்துக் கையைக் கட்டியதோடு போலீசாரின் வேலை முடிந்துவிட்டது. அதற்குமேல் மிச்சமிருந்த வேலை, அவரை மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோய் நிறுத்துவதுதான். அதற்குப் பிறகு வெடித்த தோட்டாவை எந்த ரோஸ்டரிலும் சேர்க்க முடியாது.

அரசு ஊழியர் கடமையின் பேரில் செய்த காரியத்துக்காக அவர்மேல் வழக்குப் போட அரசின் முன் அனுமதி வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197ஆவது பிரிவு சொன்னது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்தில் அது 218ஆவது பிரிவு. இந்தப் பாதுகாப்பு முதலில், அரசின் உத்தரவின்றி வேலைநீக்கம் செய்ய முடியாத பெரிய பதவிக்காரர்களுக்கே. சாதாரணப் போலீஸ்காரருக்கு வேண்டுமானால் மாநில அரசு தனியாக அறிவிப்புச் செய்யவேண்டும். குடை பெரியவர்களுக்குத் தானாக விரிகிறது, சின்னவர்களுக்கு யாராவது பிடிக்கவேண்டியிருக்கிறது.

"உத்தரவு, அதனால் செய்தேன்" என்ற வாதத்தைச் சுப்ரீம் கோர்ட் 2011 மே மாதம் பம்பாய்ப் போலீசார் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் நேரடியாகவே தள்ளியது. போலி மோதலில் ஆளைக் கொல்லச் சொல்லும் உத்தரவு சட்டவிரோதமானது, அதற்குக் கீழ்ப்படிய மறுப்பதே போலீஸ்காரரின் கடமை, மீறிச் செய்தால் கொலைக் குற்றம்தான் என்பது அதன் சாரம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நூரம்பர்க்கில் ஜெர்மன் அதிகாரிகள் இதே சாக்கைச் சொல்லித் தப்ப முடியாமல் போனதையும் நீதிபதிகள் நினைவுபடுத்தினார்கள். 2014 செப்டம்பரில் இன்னொரு தீர்ப்பு. மோதல் சாவு ஒவ்வொன்றையும் சி.ஐ.டி.யோ வேறு ஸ்டேஷன் போலீசாரோ விசாரிக்கவேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணையும் வேண்டும், சம்பந்தப்பட்ட போலீசார் தங்கள் ஆயுதங்களைச் சோதனைக்கு ஒப்படைக்கவேண்டும் என்று விதிகள் வகுக்கப்பட்டன.

காகிதத்தில் நல்ல விதிகள். காட்டுக்குள் மறுத்துப் பேசுகிற போலீஸ்காரரை யார் காப்பாற்றுவது என்பதற்கு மட்டும் அதில் விதி இல்லை.

டீக்கடைத் தீர்ப்பு

மூணாறு மலைக்கும் போலீஸ் குண்டுக்கும் பழைய பரிச்சயம் உண்டு. 1958இல், முதல் கம்யூனிஸ்ட் ஆட்சியிலேயே, தோட்ட வேலைநிறுத்தத்தின்போது போலீசார் சுட்டு இரண்டு தொழிலாளர்கள் மாண்டார்கள். ஆகவே இங்கே விவாதம் ஏட்டுச் சுரைக்காயாக இருப்பதில்லை. "கூட்டத்தைப் பார்த்துச் சுட்டால் கலவரம் என்பார்கள், தனி ஆளைச் சுட்டால் மோதல் என்பார்கள்" என்று ஒரு பெரியவர் முடித்துவிடுவார். தோட்டத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர்.

போலீஸ் பக்கம் பேசுகிறவர்களையும் அலட்சியப்படுத்த முடியாது. வர்கீஸ் தரப்பு இரண்டு பேரைக் கொன்றதே, அந்தக் குடும்பங்களுக்கு யார் அழுதார்கள் என்று அவர்கள் கேட்கிறார்கள். சாட்சிகளுக்கே தலை நரைத்த பிறகு, தள்ளாத வயதில் ஒருவரை உள்ளே தள்ளி என்ன பயன் என்றும் கேட்கிறார்கள். அரசும் ஏறத்தாழ அதே நோக்கில்தான் பார்த்தது போலும். 2013இல் வயதைக் காரணம் காட்டி லட்சுமணா விடுதலை செய்யப்பட்டார். ஆயுள் தண்டனை மூன்றாண்டுக்குள் முடிந்தது. ஆயுள் தண்டனை பெற்று உள்ளே கிடக்கும் சாதாரணக் கைதிகளில் எத்தனை பேருக்கு வயது அவ்வளவு சீக்கிரம் ஆகிறது என்று எதிர்க்கட்சி திருப்பிக் கேட்கும்.

வர்கீஸின் சகோதர சகோதரிகள் நஷ்டஈடு கேட்டு நடையாய் நடந்தார்கள். வர்கீஸ் கொலைகாரர், கொள்ளைக்காரர் என்று அரசுத் தரப்பிலிருந்தே ஐகோர்ட்டில் ஒரு பதில் மனு போய், அதன்மேல் பெரிய ரகளை ஆயிற்று. கடைசியில் 2021 பிப்ரவரியில் மந்திரிசபை ஐம்பது லட்ச ரூபாய் கொடுக்க முடிவு செய்தது. அவர் இறந்து ஐம்பத்தோராவது ஆண்டு.

ராமச்சந்திரன் நாயர் உயிரோடு இருந்து கூண்டில் நின்றிருந்தால் அவருக்கு என்ன தண்டனை கொடுத்திருப்பார்கள் என்று சென்ற பிப்ரவரியில் ஓர் இளைஞர் கேட்டார். அடிமாலியில் வேலை பார்க்கும் குமாஸ்தா. "அதே ஆயுள்தான்" என்றார் ஒருவர். "மாப்புச் சாட்சியாக்கி விட்டிருப்பார்கள்" என்றார் இன்னொருவர். பெரியவர் கிளாசைக் கீழே வைத்தார்.

"அது கிடக்கட்டும் தம்பி. அன்றைக்குக் கை தூக்கினார்களே மற்றவர்கள், அவர்கள் எல்லாம் பென்ஷன் வாங்கினார்களா இல்லையா?"