கம்பார் அரும்பொருட்காட்சியகத்தில் ஒரு பிடி கருமணல்

ஈப்போவிலிருந்து தெற்கே தாப்பாவை நோக்கிச் செல்லும் பழைய நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது கம்பார் நகரம். ஈயத் தொழிலின் வரலாற்றை விளக்கும் அரும்பொருட்காட்சியகம் ஒன்று 2012ஆம் ஆண்டு அந்நகரில் திறக்கப்பட்டது. கம்பாரின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் டான் ஸ்ரீ ஹியூ சீ தோங் அவர்களின் முயற்சியால் அது உருவாயிற்று. தலைநகரின் தேசிய அரும்பொருட்காட்சியகத்தைக் கண்டவர்கள் இதனைப் பார்த்து, “இவ்வளவுதானா?” என்று எண்ணக்கூடும். ஆயினும், கிந்தா பள்ளத்தாக்கை அடுத்த தோட்டங்களில் வாழும் நம் மக்கள் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டவேண்டிய இடம் அது. தோட்டத்தின் எல்லைக்கு அப்பால் நாள்தோறும் நம் கண்ணில் படும் வெண்மணல் திடல்களும் ஆழ்ந்த குட்டைகளும் எவ்வாறு தோன்றின என்பதற்கு விடை அங்கே இருக்கிறது.

முதலில் காணவேண்டியது ஈயத் தாது. ஈயம் என்று இங்கே நாம் குறிப்பிடுவது வெள்ளீயத்தை. நம் பாட்டிமார் பித்தளைப் பாத்திரங்களுக்கு உட்புறம் பூசுவித்தார்களே, அந்த ஈயந்தான். துப்பாக்கிக் குண்டுக்குப் பயன்படும் காரீயம் முற்றிலும் வேறான உலோகம். வெள்ளீயத்தின் தாதுவுக்குக் காசிட்டரைட் என்பது பெயர். கறுப்பாகவோ பழுப்பாகவோ மணல் போலத் தோன்றும். பார்வைக்கு எந்தக் கவர்ச்சியும் இல்லை. அதன் சிறப்பெல்லாம் எடையில் உள்ளது. சாதாரண வெண்மணல் தண்ணீரைக் காட்டிலும் இரண்டரை மடங்குக்குச் சற்று மிகுதியான கனமுடையது. இத்தாதுவோ ஏறத்தாழ ஏழு மடங்கு கனமுடையது. ஈயலம்பத் தொழில் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டின் மீதே கட்டப்பட்டது எனலாம்.

கிழக்கே நிற்கும் தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல், சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் உருகிய குழம்பாக இருந்து இறுகியது. அது இறுகியபோது, வெந்நீருடனும் ஆவியுடனும் ஈயம் பாறைப் பிளவுகளில் புகுந்து படிந்தது. பின்னர் வெயிலும் மழையும் மலையை அரித்தன. ஆறுகள் மண்ணை அடித்துக்கொண்டு வந்தன. இலேசான மண் தொலைவுக்குப் போயிற்று. கனமான தாது பள்ளத்தாக்கின் அடியில், சுண்ணாம்புப் பாறைகளின் இடுக்குகளில் தங்கிவிட்டது.

இதனை நம் தாய்மார்களுக்கு விளக்கவேண்டியதே இல்லை. அரிசியில் கல் அரிக்கும்போது நடப்பதும் இதுவே. நீரிலிட்டு அலசினால் அரிசி மேலெழுந்து நகரும்; கல் அடியில் நிற்கும். அரிசி அரிப்பவர் கல்லைத் தள்ளுகிறார். ஈயம் அரிப்பவர் அடியில் நிற்பதையே தேடுகிறார். டூலாங் எனப்படும் வட்டமான மரத்தட்டைக் கையிலேந்தி, இடுப்பளவு நீரில் குனிந்து நின்று இவ்வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் சீனப் பெண்கள். அதற்கு அரசாங்க உரிமச் சீட்டு வேண்டும். அப்பெண்களின் உருவங்களை முழு அளவில் செய்து வைத்திருக்கிறார்கள். விடியற்காலை இருளில் பால்மரத்தடியில் நின்று பழகிய நம் பெண்களுக்கு, வளைந்த அந்த முதுகின் வலி புரியும்.

பெரிய லம்பங்களில் இதே வேலையைப் பம்புகள் செய்தன. குழாயிலிருந்து சீறிவரும் நீரை மண்மேட்டின் மீது பாய்ச்சி அதனை இடித்துக் கரைத்தார்கள். கரைந்த சேற்றைப் பள்ளத்தில் தேக்கி, பம்பினால் உயரே ஏற்றினார்கள். அங்கே மரக்கம்பங்களின் மீது நீண்ட மரக்கால்வாய் ஒன்று சரிவாக அமைந்திருக்கும். அதுதான் பாலோங். அதன் குறுக்கே தடுப்புக் கட்டைகள் இருக்கும். சேறும் மணலும் தடுப்புகளைத் தாண்டி ஓடிவிடும், தாது தங்கிவிடும். ஓடிய மணல் திடலாயிற்று. தோண்டிய பள்ளம், வேலை நின்றபின் நீர் நிரம்பிக் குட்டையாயிற்று.

இக்குட்டைகளைப் பற்றிப் பெற்றோர்கள் கருத்தூன்றி அறியவேண்டும். இவை ஆற்றைப் போன்றவை அல்ல. ஆற்றில் கால் வைத்தால் ஆழம் பெரும்பாலும் படிப்படியாக வரும். குட்டையின் கரை செங்குத்தாக வெட்டப்பட்டது. இரண்டடி வைத்தால் தலைக்கு மேல் தண்ணீர். அடியில் இருப்பது காலை இழுக்கும் குழைசேறு. சேற்றைத் தேக்கிவைத்த இடங்களோ இன்னும் மோசம். மேலே காய்ந்து வெடித்துத் திடல் போலத் தோன்றினாலும் உள்ளே ஈரம் மாறாதிருக்கும். நன்றாக நீந்தத் தெரிந்த பையனையும் அது விடாது. “போகாதே” என்று அதட்டுவதைவிட, காட்சியகத்திலுள்ள லம்பத்தின் மாதிரியைக் காட்டி, “நீ குளிக்கப்போகும் குட்டையின் அடி இதுதான்” என்று விளக்குவது மேலான பயனைத் தரும் என்பது என் கருத்து.

தாதுவைப் பிரித்தபின் எஞ்சும் கருமணலுக்கு அமாங் என்று பெயர். இல்மனைட், சிர்க்கோன், மோனசைட் முதலிய தாதுக்கள் அதில் உள்ளன. மோனசைட்டில் கதிரியக்கமுடைய தோரியம் இருப்பதால், அமாங்கை வீட்டு முற்றத்தில் கொட்டி நிரப்புதல் கூடாது.

1972ஆம் ஆண்டு மலேசியா சுமார் 77,000 டன் ஈயம் உற்பத்தி செய்தது. அதன்பின் நல்ல தாது நிலங்கள் குறைந்தன. பிரேசில் நாட்டு ஈயம் சந்தைக்கு வந்தது. தகரக் குவளைகளின் இடத்தை அலுமினியம் பிடித்தது. விலை விழாதபடி அனைத்துலக ஈய மன்றம் ஈயத்தை வாங்கிச் சேமித்து வந்தது. அதன் பணம் தீர்ந்ததும், 1985 அக்டோபர் 24ஆம் நாள் லண்டன் உலோகச் சந்தையில் ஈய வாணிகம் நிறுத்தப்பட்டது. சில மாதங்களில் விலை ஏறத்தாழப் பாதியாகியது. கிந்தாவில் லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். இரப்பர் விலையைத் தாங்குவதற்கும் இத்தகைய சேமிப்பு முறை இருந்தது. 1979ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி தோன்றி, கோலாலம்பூரிலிருந்து இயங்கிய அனைத்துலக இயற்கை இரப்பர் அமைப்பு அதனை நடத்தியது. 1999இல் அதுவும் முடிவுக்கு வந்தது. ஆகவே, பாலோங்கின் முன் நிற்கும் பால்வெட்டுத் தொழிலாளி அதனை அயலார் கதையாக எண்ணமாட்டார்.

நேரம் இருப்பின், தஞ்சோங் துவாலாங் அருகே நிறுத்தப்பட்டுள்ள ஈயக் கப்பலையும் காணலாம். 1938இல் கட்டப்பட்டு 1982 வரை உழைத்த அதன் எடை 4,500 டன். பாறைகளிலும் படிகக் கற்களிலும் ஆர்வமுடைய மாணவர்களுக்கு, ஈப்போவில் கனிமவள, புவியறிவியல் துறையின் அரும்பொருட்காட்சியகம் உண்டு. புறப்படுமுன் அவ்வலுவலகத்துடன் தொடர்புகொண்டு, திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் கேட்டறிந்து செல்வது நலம்.