பழைய குட்டி யானை வாங்குமுன்...

ஒரு காலத்தில் வண்டியும் மாடும் வாங்குவது எளிய குடும்பங்களுக்கு எத்துணைப் பெரிய காரியமாக இருந்ததோ, அத்துணைப் பெரிய காரியம் இன்று ஒரு பழைய குட்டி யானை வாங்குவது. வெங்காய மூட்டை ஏற்றுபவர், பந்தல் சாமான்களை வாடகைக்கு விடுபவர், பழைய இரும்பு வாங்குபவர் எனப் பலருக்கும் நம் மஹல்லாக்களில் அதுவே பிழைப்பு. புதியது வாங்க வசதியற்றவர் பழையதைத் தேடுகிறார். மனைவியின் நகை விலைக்குப் போகிறது. அந்த நகை மார்க்கப்படி மனைவிக்கே உரிய சொத்து. எதை நம்பி அதைக் கொடுக்கிறோம் என்று கேட்டறியும் உரிமை அவருக்கு உண்டு. எனவே இதைச் சகோதரிகளும் படிக்க வேண்டும்.

2005ஆம் ஆண்டு மே மாதம் டாடா நிறுவனம் ‘ஏஸ்’ என்னும் சிறு சரக்கு வண்டியை அறிமுகம் செய்தது. வடநாட்டார் அதனைச் ‘சோட்டா ஹாத்தி’ என்றனர். நாம் குட்டி யானை என்றோம். இரண்டே சிலிண்டர்கள், 702 சி.சி. டீசல் எஞ்சின், 16 குதிரைத்திறன், சுமக்கத்தக்க பாரம் 750 கிலோ. பெயரில்தான் யானை, பலம் அளவானதே. அந்த 750 கிலோவை மறந்து அதைப் போல் இரு மடங்கு ஏற்றுவோர் உண்டு. பழைய வண்டியின் நோய்களில் பெரும்பாலானவை அங்கிருந்தே பிறக்கின்றன.

முதல் நோய் சூடு. மிகுபாரத்துடன் மேடு ஏறும் எஞ்சின் கொதிக்கிறது. ரேடியேட்டரில் உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றித் துரு அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். சூடு மிஞ்சினால் ஹெட் கேஸ்கட் எரியும், ஹெட் வளையும், பிஸ்டன் ரிங் தேயும். இருக்கையைத் தூக்கினால் எஞ்சின் தெரியும். ஆயில் அளவுகோலை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும். எஞ்சின் சூடேறிய பிறகும் வெண்புகை நீங்காவிடில் தண்ணீர் உள்ளே கசிகிறது என ஐயுறலாம். கரும்புகைக்குக் காரணம் பலவேளை அடைபட்ட காற்று வடிகட்டியாகவே இருக்கும். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

அடுத்தது அடிப்பாகம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்திப் பின்னாலிருந்து நோக்குங்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் பட்டை தளர்ந்தோ முறிந்தோ இருக்கும். கூடுதலாக ஒரு பட்டை செருகப்பட்டிருந்தால், அளவுக்கு மீறிச் சுமந்த வண்டி என்பதற்கு அதுவே சாட்சி. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் கண்டால் கிங் பின்னோ சக்கர பேரிங்கோ தேய்ந்துள்ளது. சேசிஸில் ஓரிடத்தில் மட்டும் புதுக் கறுப்பு வண்ணம் பூசியிருந்தால் விரலால் தடவிப் பாருங்கள். வெல்டிங் தழும்பு தட்டுப்படக்கூடும்.

செலவுக்கு வருவோம். ஊருக்கு ஊர், பட்டறைக்குப் பட்டறை கூலி மாறும். ஆயினும் தரவரிசை மாறுவதில்லை. ஆயில், வடிகட்டிகள், ஃபேன் பெல்ட் ஆகியவை சிறு செலவு. கிளட்ச், கிங் பின், பட்டை ஆகியவை ஒவ்வொன்றும் ஆயிரங்களில் நிற்கும். எஞ்சினைக் கழற்றிப் போர் செய்து, கிராங்க் கடைந்து, ஹெட் வேலையும் பார்ப்பதென்றால் தொகை பத்தாயிரங்களில் ஏறிவிடும். இத்துடன் வண்டி பட்டறையில் நிற்கும் நாட்களின் வருமான இழப்பையும் கூட்ட வேண்டும். பலர் விட்டுவிடும் கணக்கு அதுதான். கிளட்ச் தட்டை மாற்றக் கியர்பாக்ஸை இறக்கும்போதே ரிலீஸ் பேரிங்கையும் தேய்ந்த ஆயில் சீலையும் மாற்றிவிடுவது சிக்கனம். ஹெட் வளைந்திருக்கிறதா என லேத்தில் பார்க்காமலும் ரேடியேட்டரைச் சுத்தம் செய்யாமலும் கேஸ்கட் மட்டும் மாற்றினால், அதே வேலை மீண்டும் வரும்.

இவற்றையெல்லாம் விற்பவர் அறிவார். வாங்குபவர் வருமுன்பே எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி வைப்பது, புகையை அடக்கக் கெட்டியான ஆயில் ஊற்றுவது, கிலோமீட்டர் கேபிளைக் கழற்றிவிடுவது ஆகியன சந்தையில் ‘சாமர்த்தியம்’ எனப்படுகின்றன. தானியக் குவியலுக்குள் கைவிட்டு உள்ளே ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவிக் கண்டித்த செய்தியை அறியாதவரா நாம்? ஆகவே எஞ்சின் குளிர்ந்திருக்கும் விடியற்காலையில் போங்கள். நம்பிக்கையான மெக்கானிக்கை உடன் அழைத்துப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவன்று.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் ஒரு நிகழ்ச்சியைக் கூறுகிறார்கள். ஒருவர் தம் ஒட்டகத்தை முந்நூறு திர்ஹத்திற்கு விற்றார். அருகிலிருந்த வாஸிலா பின் அஸ்கஃ (ரலி) அவர்களின் கவனம் வேறெங்கோ இருந்தது. வாங்கியவர் ஓட்டிச் சென்றபின் ஓடிப்போய், இறைச்சிக்கா பயணத்திற்கா என்று கேட்டார்கள். பயணத்திற்கு என்றதும், அதன் குளம்பில் ஓட்டை இருப்பதையும், அது நெடும்பயணம் தாங்காது என்பதையும் எடுத்துரைத்தார்கள். விற்றவர் நூறு திர்ஹம் குறைக்க நேர்ந்தது. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்றும் குறைபட்டார். எல்லா முஸ்லிம்களுக்கும் நலம் நாடுவதாக நபியவர்களிடம் தாம் உறுதிமொழி அளித்திருப்பதை அவர்கள் நினைவூட்டினார்கள்.

அந்தக் கேள்வி வண்டிக்கும் பொருந்தும். உள்ளூரில் தண்ணீர் கேன் போடப் போதுமான வண்டி, தினமும் மலைப்பாதையில் காய்கறி ஏற்ற உதவாது. பயன் எதுவென்று விற்பவர் கேட்க வேண்டும். வாங்குபவரும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குறை தெரிந்தால் அதைச் சீர் செய்யும் செலவை இருவரும் பேசி விலையில் கழிப்பது நேர்மையான வழி.

விற்குமுன் இருந்த குறை பிறகு வெளிப்பட்டால், வாங்கியவர் பொருளைத் திருப்பித் தரலாம் என்பது ஃபிக்ஹு நூல்கள் கூறும் உரிமை. ஆனால் குறையை அறிந்தபின்னும் ஓட்டிக்கொண்டிருந்தால் அவ்வுரிமை பறிபோகும். அவரிடத்தில் புதிய குறையும் ஏற்பட்டுவிட்டால், திருப்புவதற்குப் பதிலாகப் பழைய குறைக்குரிய தொகையைக் கோரும் வழி இருக்கிறது. “உள்ளது உள்ளபடி விற்கிறேன்” என்னும் நிபந்தனை எந்த அளவு செல்லும் என்பதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. தெரிந்த குறையை மறைப்பது பாவம் என்பதில் வேறுபாடு இல்லை.

ஆவணங்களையும் விட்டுவிடாதீர்கள். எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும், அது முடியும் தேதியைப் பார்த்து விலை பேசுங்கள். ஆர்.சி.யில் கடன் நிறுவனத்தின் பெயர் இருந்தால் 35ஆம் படிவத்தின் மூலம் நீக்கியாக வேண்டும். 29, 30 ஆகிய படிவங்களில் கையொப்பமிட்டு உடனே பெயர் மாற்றுவது விற்பவருக்கே கூடுதல் பாதுகாப்பு. மாற்றாத வண்டி விபத்தில் சிக்கினால், இழப்பீட்டுப் பொறுப்பு ஆர்.சி.யில் பெயருள்ளவர் மீதே விழும் என 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.