பத்தில் ஒன்றா, மனதில் நியமித்ததா? காணிக்கையும் கிருபையும் பற்றி ஒரு குறிப்பு

கிறிஸ்தவர் ஒருவர் தன் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கட்டாயம் சபைக்குக் கொடுக்க வேண்டுமா? நெல்லிக்குப்பம் பக்கம் எந்த ஜெபக்கூட்டத்துக்குப் போனாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். பதிலும் தயாராக இருக்கும்: "மல்கியா 3:10 படிங்க."

எனக்குத் தெரிந்த ஒரு பெரியம்மா இருக்கிறார். விதவை. முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் வந்ததும் முதல் வேலையாக 120 ரூபாயை ஒரு கவரில் போட்டு எடுத்து வைப்பார். மாதக் கடைசியில் மளிகைக்கடையில் கடன் சொல்வார். அந்த 120-ஐ மனநிறைவோடு கொடுத்தால் நான் வாயே திறக்க மாட்டேன். ஆனால் அவர் கேட்டது வேறு: "தம்பி, ஒரு மாசம் குடுக்கலன்னா சாபம் வந்துடுமாப்பா?" அந்தப் பயத்துக்கு வேதத்தில் இடம் இருக்கிறதா என்று தேடியதில் சேர்ந்த குறிப்புகள் இவை.

1. நியாயப்பிரமாணத்தில் தசமபாகம் என்றால் என்ன?

லேவியராகமம் 27:30-32 தசமபாகத்துக்கு உட்பட்டவை எவை என்று சொல்கிறது: நிலத்தின் தானியம், மரத்தின் கனி, ஆடுமாடு. மந்தையில் கோலின்கீழ் கடந்துபோகும் பத்தாவது பிராணி கர்த்தருக்கு. ஒன்பது ஆடு மட்டும் வைத்திருப்பவனுக்குப் பத்தாவது ஆடே கிடையாது. கூலி, சம்பளம் பற்றி அங்கே பேச்சே இல்லை. நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், கரும்புத் தோட்டம் வைத்திருப்பவர் மேல்தான் அந்தச் சட்டம் விழுகிறது, கரும்பு வெட்டுகிற கூலியாள் மேல் அல்ல.

அது யாருக்குப் போனது? எண்ணாகமம் 18-ன்படி லேவியருக்கு. மற்றக் கோத்திரங்களைப் போல அவர்களுக்கு நிலப்பங்கு இல்லை. உபாகமம் 14 இன்னும் சுவாரஸ்யமானது. தசமபாகத்தை எடுத்துக்கொண்டு ஆண்டவருடைய சந்நிதிக்குப் போய்க் குடும்பத்தோடு விருந்து சாப்பிட வேண்டும். தூரம் அதிகமென்றால் விற்றுப் பணமாக்கிக் கொண்டுபோய், அங்கே வேண்டியதை வாங்கிச் சாப்பிடலாம். மூன்றாம் வருஷத்தின் தசமபாகமோ லேவியனுக்கும், பரதேசிக்கும், திக்கற்ற பிள்ளைக்கும், விதவைக்கும்.

கடைசிப் பெயரைக் கவனித்தீர்களா? மோசேயின் சட்டத்தை அப்படியே அமல்படுத்தினால் அந்தப் பெரியம்மா கொடுக்கிறவர் வரிசையில் வரமாட்டார். வாங்குகிறவர் வரிசையில் இருப்பார்.

2. "மல்கியா சொல்கிறதே?"

மல்கியா பேசுவது எருசலேம் ஆலயத்தின் பண்டசாலையைப் பற்றி. லேவியரும் ஏழைகளும் அதை நம்பியிருந்தார்கள். அந்தப் புத்தகத்தின் முதல் இரண்டு அதிகாரங்களில் அதிகமாகத் திட்டு வாங்குவது ஆசாரியர்கள்தான். அதை விட்டுவிட்டு மூன்றாம் அதிகாரத்தை மட்டும் ஜனங்களுக்கு வாசிப்பது நியாயமில்லை. சாபத்தைப் பொறுத்தவரை, நியாயப்பிரமாணத்தின் சாபத்திலிருந்து கிறிஸ்து நம்மை மீட்டுக்கொண்டார் என்பதுதான் கலாத்தியர் 3:13-ன் சாரம். ஞாயிறு காலை அதைப் பிரசங்கித்துவிட்டு, காணிக்கைப் பை வரும்போது அதே சாபத்தைத் திரும்ப எடுத்து நீட்ட முடியாது.

"ஆபிரகாம் நியாயப்பிரமாணத்துக்கு முன்பே கொடுத்தாரே?" ஆமாம், ஆதியாகமம் 14-ல் மெல்கிசேதேக்குக்குக் கொடுத்தார். அது போரில் கிடைத்த பொருளிலிருந்து. மாதாமாதம் கொடுத்ததாக எங்கும் இல்லை. விருத்தசேதனமும் மோசேக்கு முந்தியதுதான். அதைப் புறஜாதியார் மேல் சுமத்தக்கூடாது என்றுதான் பவுல் அத்தனை போராடினார்.

"இயேசுவே விடக்கூடாது என்றாரே?" மத்தேயு 23:23-ல் அவர் பேசுவது ஆலயம் நின்றுகொண்டிருந்த காலத்துப் பரிசேயரோடு. கீரைக்கொத்தைக்கூட எண்ணிக் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டார்கள் என்பதுதான் அங்கே குற்றச்சாட்டு.

எனக்கு முக்கியமாகப் படுவது அப்போஸ்தலர் 15. புறஜாதி விசுவாசிகள் எதையெல்லாம் கைக்கொள்ள வேண்டும் என்று எருசலேமில் கூடி முடிவெடுத்தார்கள். நான்கு விஷயங்களைக் கடிதமாக எழுதி அனுப்பினார்கள். அதில் தசமபாகம் இல்லை. கலாத்தியர் 2:10-ல் பவுலிடம் தூண்களாக எண்ணப்பட்டவர்கள் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று: தரித்திரரை நினைத்துக்கொள்ளுங்கள்.

3. ஒரே சொல், பல முகம்

அப்படியென்றால் கிருபையின்கீழ் கொடுப்பது எப்படி இருக்கும்? 2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்கள் முழுக்க இதுதான். எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்காகப் பவுல் பணம் சேர்க்கிறார். அந்த இரண்டு அதிகாரங்களிலும் "காரிஸ்" என்ற கிரேக்கச் சொல் 10 முறை வருகிறது. நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அது 8:1-லும் 8:9-லும் "கிருபை", 8:7-ல் "தர்மகாரியம்", 9:15-ல் "ஸ்தோத்திரம்". மொழிபெயர்ப்பில் தவறில்லை, அந்தந்த இடத்துக்கு அதுதான் பொருள். ஆனால் மூலத்தில் இருக்கும் தொடர்பு தமிழில் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. மேலிருந்து இறங்குவது காரிஸ், கையிலிருந்து ஏழைக்குப் போவதும் காரிஸ், நன்றியாகத் திரும்புவதும் காரிஸ். சுற்றி வருகிற ஒரே ஓட்டம்.

அந்தப் பகுதியில் உள்ள நெறிகள்: அவனவன் மனதில் தீர்மானித்தபடி கொடுக்க வேண்டும், வருத்தத்தோடோ கட்டாயத்தாலோ வேண்டாம் (9:7). இல்லாததைக் கொண்டு அல்ல, இருப்பதைக் கொண்டே அளவு (8:12). ஒருவர் நெருக்கப்பட்டு இன்னொருவர் சொகுசாக இருப்பதற்காக அல்ல, சமநிலைக்காக (8:13-14). பணத்தைக் கொண்டுபோகும்போது குற்றச்சாட்டு வராமலிருக்க, சபைகள் நியமித்த ஒருவர் கூடவே வர வேண்டும் (8:19-21). கடைசியாகச் சொன்னது இன்றைய பாஷையில் தணிக்கை. காணிக்கை கேட்கிறவர் கணக்கும் காட்ட வேண்டும் என்பதும் வேதவசனம்தான்.

எங்கும் ஒரு சதவீதம் இல்லை. என்னைப் போன்ற மென்பொருள்காரனுக்கு எண் இருந்தால் வசதி. பிடித்தத்துக்கு முன்பா பின்பா, போனஸ் சேருமா சேராதா என்று ஃபார்முலா போட்டு முடித்துவிடலாம். அந்த வசதிதான் பவுலிடம் கிடைக்கவில்லை.

4. சட்டமானது எப்போது?

மேற்கு ஐரோப்பாவில் 585-ல் மாக்கோன் சங்கம் தசமபாகம் கொடுக்காதவரைச் சபைக்கு வெளியே தள்ளலாம் என்றது. 779-ல் சார்லமேன் அதை அரசாணையாக்கினார். பிறகு அது குடியானவன் தலையில் விழுந்த வரியானது. பிரான்சில் 1789 புரட்சியில்தான் ஒழிந்தது. காணிக்கை வரியானால் மக்கள் அதை வரியாகவே வெறுப்பார்கள்.

5. நம் பக்கத்துச் சாட்சிகள்

சட்டம் இல்லாவிட்டால் யாரும் கொடுக்கமாட்டார்கள் என்பது ஒரு பயம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1903-ல் பாளையங்கோட்டையில் வே. ச. அசரியா முதலானோர் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கத்தின் கொள்கையே இந்தியர் பணம், இந்தியர் ஆள், இந்தியர் நிர்வாகம். பணக்காரச் சபைகள் அல்ல அவை. அடுத்த ஆண்டே தோர்ணக்கல்லுக்கு ஊழியரை அனுப்பினார்கள். மிசோரம் பெண்கள் 1910 முதல் சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்துச் சபைக்குக் கொடுத்து வருகிறார்கள். தமிழ்நாட்டிலும் பிடி அரிசி எல்லா மதத்தாருக்கும் தெரிந்த வழக்கம். இதில் ஒரு நுட்பம் உண்டு. பிடியை அளப்பது அவரவர் கை. உலை வைக்காத வீட்டில் பிடியும் கிடையாது, சாபமும் கிடையாது.

நமக்கு இன்னும் பக்கத்தில் வடலூர். வள்ளலார் 1867-ல் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் இன்றும் அடுப்பு எரிகிறது. இறையியல் வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் யாருக்கும் தண்டனை சொல்லாமல், மனமுவந்து வருகிற அரிசியில் ஒன்றரை நூற்றாண்டாகச் சோறு போட முடியும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே அத்தாட்சி இருக்கிறது.

6. அப்போ குறைத்துக்கொள்ளலாமா?

இதுதான் அடுத்த கேள்வி. சகேயு பாதியைக் கொடுத்தான், பர்னபா நிலத்தையே விற்றான். கிருபையின் கணக்கு பத்தில் நிற்க வேண்டிய அவசியமில்லை. மாதம் லட்சத்தைத் தாண்டிச் சம்பாதிக்கிறவருக்குப் பத்து சதவீதம் வலிக்கவே வலிக்காது. கொடுத்து முடித்தாயிற்று என்ற நிம்மதியைத்தான் தரும். அதே பத்து, 1,200 ரூபாய்க்காரருக்குப் பல நாள் மளிகை. ஒழுங்குக்காக ஒருவர் பத்து என்று வைத்துக்கொண்டால் நல்லதுதான். அதை இன்னொருவர் தலையில் சாபமாக வைப்பதைத்தான் நான் மறுக்கிறேன்.

பெரியம்மாவிடம் நான் சொன்னது இதுதான்: "சாபம் கெடையாது பெரியம்மா. மொதல்ல கடைக்கடன அடைங்க. மனசு வந்தா பத்து ரூபா போடுங்க, போதும்." நம்மைப் போலச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு என் கேள்வி வேறு. நம் சபையில் உதவித்தொகையில் வாழும் விதவைகள் எத்தனை பேர்? அவர்களிடமிருந்து வருவது எவ்வளவு, அவர்களுக்குப் போவது எவ்வளவு? அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இந்த இரண்டு எண்களையும் கேட்டுப் பாருங்கள்.