கையெழுத்திடும் முன்

ரவாங்கிற்கும் பத்தாங்காலிக்கும் இடையே அமைந்துள்ள சிற்றூர் செரண்டா. அதன் அருகிலுள்ள சுங்கை சோவில் பெரோடுவா நிறுவனத்தின் மகிழுந்துத் தொழிற்சாலை இயங்குகிறது. 1994ஆம் ஆண்டில் அறிமுகமான கஞ்சில், 2005ஆம் ஆண்டில் வெளிவந்த மைவி போன்ற வண்டிகள் இவ்வட்டாரத்தில்தான் உருவாயின. மலேசியக் குடும்பங்கள் பலவற்றுக்கு இவையே முதல் மகிழுந்துகள்.

வட சிலாங்கூர்த் தோட்டப்புறங்களில் வாழ்ந்தோருக்கு ஒரு காலத்தில் மிதிவண்டியும் மோட்டார் சைக்கிளும் எப்போதாவது வரும் பேருந்துமே துணையாக இருந்தன. இன்று அக்குடும்பங்களில் பல குடியிருப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. இரவு வேலை முடித்துத் தொழிற்சாலையிலிருந்து திரும்பவும், முதியவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் மகிழுந்து தேவைப்படுகிறது. அது ஆடம்பரப் பொருள் என்ற நிலை மாறிவிட்டது. ஆயினும், வீட்டிற்கு அடுத்தபடியாக ஒரு குடும்பம் வாங்கும் மிகப் பெரிய பொருள் மகிழுந்துதான். காய்கறி வாங்கும்போது பத்துக் காசுக்குப் பேரம் பேசுபவர்கூட, ஐம்பதாயிரம் ரிங்கிட் மதிப்புள்ள வண்டிக்கு ஒரு மணி நேரத்தில் கையெழுத்திட்டுவிடுகிறார். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பார்கள். மகிழுந்து வாங்கும்போது எதை, எப்படி அளப்பது?

விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார்

1970ஆம் ஆண்டில் ஜார்ஜ் அக்கர்லோஃப் என்னும் அமெரிக்கப் பொருளியலாளர் பழைய மகிழுந்துச் சந்தையைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். பழுதான மகிழுந்தை அமெரிக்கர்கள் பேச்சு வழக்கில் 'எலுமிச்சை' என்பர். வண்டி நல்லதா, எலுமிச்சையா என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்த அறிவு இடைவெளியே சந்தையைக் கெடுக்கிறது என்று அவர் விளக்கினார். இத்தகைய ஆய்வுகளுக்காக 2001ஆம் ஆண்டில் அவர் மேலும் இருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்த இடைவெளி புதிய வண்டி விற்பனையிலும் உண்டு. விற்பனை முகவர் மாதந்தோறும் பல வண்டிகளை விற்கிறார். வாங்குபவரோ பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் அந்த மேசையின் முன் அமர்கிறார். முகவரின் வருமானத்தில் பெரும்பகுதி தரகுத் தொகையாக வருவதும் உண்டு. எனவே, வண்டியை விரைவாக விற்க அவர் விரும்புவது இயல்பே. அதைக் குற்றமாகக் கருத வேண்டியதில்லை. ஆனால், வாங்குபவரின் கேள்விகளை வாங்குபவர்தாம் கேட்க வேண்டும் என்பதை உணர வேண்டும்.

மாதத் தவணையும் மொத்த விலையும்

விற்பனை நிலையத்தில் பெரும்பாலும் எழும் முதல் கேள்வி, "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்பதாகும். இக்கேள்விக்கு உடனே விடை கூறுபவர், வண்டியின் உண்மை விலையை மறந்துவிடுகிறார். ஏனெனில், தவணைக் காலத்தை நீட்டினால் எந்த விலையையும் சிறிய தொகையாகக் காட்டிவிடலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். வண்டியின் விலை 50,000 ரிங்கிட். முன்பணம் 5,000 ரிங்கிட். எஞ்சிய 45,000 ரிங்கிட் வங்கிக் கடன். ஆண்டு வட்டி 3 விழுக்காடு எனக் கொள்வோம். மகிழுந்துக் கடனுக்கு நீண்ட காலமாகப் பின்பற்றப்பட்ட முறையில், கடன் குறைந்துகொண்டே வந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே வட்டி கணக்கிடப்படும்.

ஐந்து ஆண்டுகளில் கட்டி முடித்தால் வட்டி 6,750 ரிங்கிட். மாதத் தவணை 862 ரிங்கிட் 50 காசு. ஒன்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்டால் வட்டி 12,150 ரிங்கிட். மாதத் தவணை ஏறக்குறைய 529 ரிங்கிட். மாதந்தோறும் 333 ரிங்கிட் குறைவது கண்ணுக்குத் தெரிகிறது. மொத்தத்தில் 5,400 ரிங்கிட் கூடுவது கண்ணுக்குத் தெரிவதில்லை.

'மூன்று விழுக்காடு' என்ற சொல்லும் ஏமாற்றக்கூடியது. ஒவ்வொரு மாதமும் கடன் குறைவதைக் கணக்கில் கொண்டால், மேற்கண்ட ஒன்பது ஆண்டுக் கடனின் உண்மை வட்டி விகிதம் ஏறத்தாழ 5.5 விழுக்காடாகும். எனவே, "உண்மை வட்டி விகிதம் எவ்வளவு? கடைசித் தவணை வரை மொத்தம் எவ்வளவு கட்டுவேன்?" என்னும் இரண்டு கேள்விகளைக் கேட்ட பிறகே மாதத் தவணையைப் பற்றிப் பேச வேண்டும். வருமானம் குறைவாக உள்ளவருக்கு நீண்ட காலத் தவணை தேவைப்படலாம். அதற்கு அவர் கொடுக்கும் விலையை அறிந்தே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வண்டி யாருடையது?

1850களில் அமெரிக்காவின் சிங்கர் நிறுவனம் தையல் இயந்திரங்களைத் தவணை முறையில் விற்கத் தொடங்கியது. முழுப் பணம் இல்லாதவரும் பொருளை வீட்டிற்குக் கொண்டு சென்று பயன்படுத்தலாம். பணம் கட்டி முடித்த பிறகே அது அவருக்குச் சொந்தமாகும். இம்முறை பின்னர் உலகெங்கும் பரவி, மகிழுந்து விற்பனையிலும் இடம்பெற்றது.

மலேசியாவில் இதனை 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் நெறிப்படுத்துகிறது. 'வாடகைக் கொள்முதல்' என்ற பெயரிலேயே அதன் பொருள் அடங்கியுள்ளது. கடைசித் தவணை கட்டும் வரை வாங்கியவர் வாடகைதாரர். சட்டப்படி உரிமையாளர் வங்கி அல்லது நிதி நிறுவனம். பதிவு ஆவணத்தில் வங்கியின் உரிமைக் கோரலும் பதியப்படும்.

குத்தகை முறை இதிலிருந்து வேறுபட்டது. குத்தகைக் காலம் முடிந்ததும் வண்டியைப் பொதுவாகத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். குறிப்பிட்ட தூரத்திற்கு மேல் ஓட்டினாலோ, வண்டிக்குச் சேதம் ஏற்பட்டாலோ கூடுதல் கட்டணமும் விதிக்கப்படலாம். மாதக் கட்டணம் குறைவாகத் தோன்றினாலும், இறுதியில் கையில் வண்டி இருக்குமா என்பதைக் கேட்டறிய வேண்டும்.

படிக்க வேண்டிய தாள்கள்

வாடகைக் கொள்முதல் சட்டத்தின்படி, ஒப்பந்தம் செய்வதற்கு முன்பே வாங்குபவருக்கு எழுத்து வடிவில் ஓர் அறிக்கை தரப்பட வேண்டும். அது சட்டத்தின் இரண்டாம் அட்டவணை அறிக்கை எனப்படும். வாங்குபவர் ஏற்க வேண்டிய நிதிப் பொறுப்புகளை அது எடுத்துக்காட்டும். அதனை வீட்டிற்குக் கொண்டு சென்று, குடும்பத்தாருடன் அமர்ந்து படிப்பது நன்று. அதில் உள்ள எண்களை விற்பனை முகவர் வாய்மொழியாகக் கூறிய எண்களோடு ஒப்பிட வேண்டும்.

நிரப்பப்படாத ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்பதும் சட்டம். "இங்கே கையெழுத்திடுங்கள், பிறகு நாங்கள் நிரப்பிக்கொள்கிறோம்" என்ற பேச்சுக்கு இடமளிக்கக் கூடாது. சட்டப்படி முன்பணம் வண்டி விலையில் பத்தில் ஒரு பங்கிற்குக் குறையக் கூடாது. 'முன்பணமே வேண்டாம்' என்ற விளம்பரத்தைக் கண்டால், அப்பத்து விழுக்காடு விலையில் எங்கே சேர்க்கப்பட்டுள்ளது என்று கேட்க வேண்டும்.

விலைப்பட்டியலையும் வரிவரியாகப் பார்க்க வேண்டும். வண்டியின் விலை, பதிவுக் கட்டணம், சாலை வரி, காப்புறுதி ஆகியவை தனித்தனியே குறிப்பிடப்பட்டுள்ளனவா? கண்ணாடி நிறப்படலம், மெருகுப் பூச்சு, தரைவிரிப்பு போன்றவை கேட்காமலேயே சேர்க்கப்பட்டுள்ளனவா? கடன் தொகையில் அவை சேர்ந்துவிட்டால், தரைவிரிப்புக்கும் பல ஆண்டுகள் வட்டி கட்ட நேரிடும்.

காப்புறுதியிலும் தேர்வு உண்டு. 2017ஆம் ஆண்டு ஜூலை முதல், முழுமைக் காப்புறுதிக் கட்டணத்தை நிறுவனங்களே முடிவு செய்கின்றன. ஆகவே, இரண்டு மூன்று நிறுவனங்களின் கட்டணத்தை ஒப்பிடலாம். தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் இழப்பீடு கோராதவருக்குத் தனியார் மகிழுந்துக் காப்புறுதியில் 55 விழுக்காடு கழிவு கிடைக்கும். முன்பதிவுப் பணம் கட்டும்போது பற்றுச்சீட்டு பெறுவதும், வாங்காமல் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் பெறுவதும் அவசியம்.

பழைய வண்டி வாங்கும்போது

பழைய மகிழுந்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஓடிய தூரத்தைக் காட்டும் மானியில் எண் குறைவாக இருந்து, மிதிகட்டைகளின் ரப்பரும் திசைமாற்றிச் சக்கரத்தின் உறையும் தேய்ந்திருந்தால் ஐயம் கொள்ள வேண்டும். பராமரிப்புக் குறிப்பேட்டில் உள்ள எண்களோடு அதனை ஒப்பிடலாம்.

2021ஆம் ஆண்டு டிசம்பரில் சிலாங்கூரின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கியதை நாம் அறிவோம். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கழுவித் துடைத்தாலும் சில தடயங்கள் மறைவதில்லை. இருக்கை வாரை முழுவதும் வெளியே இழுத்தால் சேற்றுக் கறை தெரியலாம். இருக்கையின் அடியிலுள்ள இரும்பில் துரு இருக்கலாம். நம்பிக்கையான பட்டறைக்காரர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது பேருதவியாக இருக்கும். அவருக்குக் கொடுக்கும் கூலி, பின்னால் வரக்கூடிய பெருஞ்செலவைத் தடுக்கும்.

பெயர் கொடுப்பது சிறிய உதவியா?

நம் குடும்பங்களில் ஒரு பழக்கம் உண்டு. அண்ணன் மகனுக்கு நிலையான சம்பளச் சீட்டு இல்லை என்றால், சித்தப்பா தம் பெயரில் கடன் எடுத்துக் கொடுப்பார். வண்டியை ஓட்டுபவன் ஒருவன், கடனாளி வேறொருவர். தவணை தவறினால் வங்கி சித்தப்பாவைத்தான் தேடி வரும். அவருடைய கடன் வரலாறு பேங்க் நெகாராவின் கடன் தகவல் பதிவில் இடம்பெறும். நாளை அவர் தம் மகளின் படிப்புக்கோ வீட்டுக்கோ கடன் கேட்டால், அது தடையாக நிற்கலாம். உறவும் முறியலாம். பெயர் கொடுப்பதும் பிணை நிற்பதும் கடனைத் தாமே ஏற்பதற்கு ஒப்பாகும்.

'சம்புங் பாயார்' என்னும் முறை இதனினும் ஆபத்தானது. தவணை கட்ட இயலாதவர், வங்கிக்குத் தெரிவிக்காமல் வண்டியை வேறொருவரிடம் கொடுத்துத் தவணையைத் தொடரச் சொல்வதே இது. வண்டி வங்கிக்குச் சொந்தமானது என்பதால், அதைக் கைமாற்றும் உரிமை கொடுத்தவருக்கு இல்லை. பெற்றவர் பல மாதங்கள் பணம் கட்டினாலும் வண்டி அவருக்குச் சொந்தமாகாது. வண்டி காணாமல் போனால், கடன் மட்டும் முதலாமவர் தலையில் நிற்கும்.

இடர் வந்தால் என்ன செய்வது?

வேலையிழப்போ நோயோ வந்து தவணை கட்ட இயலாமல் போகலாம். அப்போதும் வங்கி நினைத்தவுடன் வண்டியை எடுத்துச் செல்ல முடியாது. இரண்டு தவணைகள் தொடர்ந்து தவறிய பின், எழுத்துவழி அறிவிப்பு கொடுத்து 21 நாள் காத்திருக்க வேண்டும். விலையில் 75 விழுக்காட்டிற்கு மேல் கட்டிவிட்டவரின் வண்டியை எடுக்க நீதிமன்ற ஆணை தேவை. வண்டியை மீட்க வருபவரிடம் அனுமதி அட்டையும் இருக்க வேண்டும். ஆனால், மீட்ட வண்டி ஏலத்தில் குறைந்த விலைக்குப் போனால், எஞ்சிய கடனையும் வாங்கியவரே கட்ட வேண்டும். எனவே, அறிவிப்புக் கடிதத்தை ஒளித்து வைப்பதைவிட, உடனே வங்கியை அணுகிப் பேசுவதே நல்லது. பேங்க் நெகாரா 2006ஆம் ஆண்டில் அமைத்த கடன் ஆலோசனை, நிர்வாக முகவாண்மை இதற்குக் கட்டணமின்றி ஆலோசனை வழங்குகிறது.

விற்பனையாளர் வாக்குறுதியை மீறினால், 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் தீர்ப்பாயத்தை நாடலாம். மனுக் கட்டணம் ஐந்து ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை இழப்பீடு கோரலாம்; வழக்கறிஞர் தேவையில்லை. அங்கே துணை நிற்பவை தாள்களே. பற்றுச்சீட்டு, விலைப்பட்டியல், விளம்பரம், குறுஞ்செய்தி ஆகிய அனைத்தையும் பாதுகாத்து வைத்தவரின் சொல்லுக்கு வலிமை கூடும்.

இல்லத்தில் ஒரு வாசகர்

மகிழுந்து ஒப்பந்தங்கள் மலாய் மொழியிலோ ஆங்கிலத்திலோ அமைந்திருக்கும். தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த தாத்தாவும் பாட்டியும், ஏன் சில வேளைகளில் பெற்றோரும்கூட, அவற்றை முழுமையாகப் படித்துப் புரிந்துகொள்வது கடினம். மூன்று மொழிகளையும் கற்கும் மாணவரால் அந்தத் தாளை வரிவரியாகப் படித்து, தமிழில் விளக்கிச் சொல்ல முடியும். தனிவட்டிக் கணக்கைப் போட்டு, மொத்தத் தொகையைத் தாளின் ஓரத்தில் எழுதிக் காட்டவும் முடியும்.

விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலுள்ள அறிவு இடைவெளியைக் குறைப்பவை கேள்வியும் வாசிப்பும் கணக்குமே. கையெழுத்திடும் வரை, எழுந்து வந்துவிடும் உரிமை வாங்குபவரிடம் இருக்கிறது. கையெழுத்திட்ட பிறகு அவரிடம் இருப்பது பல ஆண்டுகளுக்கான பொறுப்பு.