நிலத்தடி நீருக்கு ஒரு கணக்கு

கிணற்றை எட்டிப் பார்த்தால் நீர் அசையாமல் நிற்பதாகவே தோன்றும். உண்மையில் நிலத்தடி நீர் மெல்ல ஓடிக்கொண்டே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த ஓட்டத்தை எவ்வாறு கணக்கிடுவது?

பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சி, மணல் நிரப்பிய குழாயில் நீரைச் செலுத்தி ஆராய்ந்து, 1856இல் ஒரு விதியை வெளியிட்டார். இரண்டு இடங்களின் நீர்மட்ட வேறுபாடு இருமடங்கானால், அவற்றிடையே ஓடும் நீரும் இருமடங்காகும். ஓம் விதி நினைவுக்கு வருகிறதல்லவா? மின்னழுத்த வேறுபாட்டுக்குப் பதில் நீர்மட்ட வேறுபாடு. மின்னோட்டத்துக்குப் பதில் நீரோட்டம்.

இனி ஒரு கட்டத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவே நகரத்தின் வரைபடம். ஒவ்வொரு கட்டத்திலும் அவ்விடத்து நீர்மட்டம், கடல் மட்டத்துக்கு எத்தனை மீட்டர் மேலே என்று எழுதுங்கள். நிலம் எங்கும் ஒரே சீரான மணலாக இருந்து, மழையும் இறைப்பும் இல்லையென்றால், ஒரு கட்டத்தின் மட்டம் அண்டையிலுள்ள நான்கு கட்டங்களின் சராசரியாகவே அமையும். சுற்றிலும் 5, 4, 3, 4 என்றால் நடுவில் 4. அங்கே பம்பு செட் ஓடினால் மட்டம் 4க்குக் கீழே இறங்கும். அண்டைக் கட்டங்களும் இறங்கும். எண்கள் மாறாமல் நிற்கும்வரை திரும்பத் திரும்பக் கணக்கிட வேண்டும். ஆயிரக்கணக்கான கட்டங்களுக்கு இதைச் செய்யக் கணிப்பொறி வேண்டும். அமெரிக்க நிலவியல் அளவைத்துறை 1984இல் வெளியிட்ட, 'மாட்ஃப்ளோ' எனப்படும் நிரலின் அடிப்படையும் இதுவே.

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் நகருக்கும் ஆலைகளுக்கும் வயல்களுக்கும் நீரை இறைத்ததால், நீர்மட்டம் கடல் மட்டத்துக்கும் கீழே போயிற்று. தாளில் கடலோரக் கட்டத்தில் 0, உட்புறக் கட்டத்தில் -5 என்று எழுதுங்கள். நீர் எப்பக்கம் ஓடும்? கடலிலிருந்து நிலத்தை நோக்கி! 1960களின் இறுதியிலேயே அங்கே கடல்நீர் உட்புகுந்தது கண்டறியப்பட்டது. கிணறுகள் உப்பாயின. இறைப்பைக் குறைத்தால் என்ன ஆகும்? தடுப்பணைகளால் நீர் ஊறினால் என்ன ஆகும்? அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்பகுதிக்குக் கணிப்பொறி மாதிரிகள் அமைத்து ஆராய்ந்துள்ளனர். நிலத்தில் சோதித்துப் பார்க்கப் பல ஆண்டுகள் ஆகும். உப்பேறிய கிணறோ எளிதில் மீளாது. ஆகவேதான் கணக்கு முந்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அங்கே ஆற்று மணலும் வண்டலும் உள்ளன. தருமபுரி மாவட்டத்தில் எங்கள் அதியமான்கோட்டையிலோ அடியில் கடும்பாறை. நீர் பாறை வெடிப்புகளில்தான் ஓடுகிறது. ஒரு கிணற்றில் நீர் இருக்க, அடுத்த கிணறு வறண்டிருக்கலாம். எளிய சராசரி இங்கே பொய்த்துவிடும். இத்தகைய இடத்துக்கு மாதிரி அமைக்க, பல கிணறுகளின் அளவுகள் பல ஆண்டுகளுக்குத் தேவை.

அந்த வேலையை நீங்களும் செய்யலாம். பெரியவர் ஒருவர் துணையுடன், கல் கட்டிய கயிற்றைக் கிணற்றில் இறக்கி, தரையிலிருந்து நீர் எத்தனை மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று மாதம் ஒருமுறை அளந்து, தேதியோடு குறித்து வையுங்கள். கணிப்பொறிக்கு வேண்டிய எண்கள் அவையே.