நெருக்கமான ஊரில் கோழி வளர்ப்பு

நெசவாளர் தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவராக அமைந்துள்ளன. அத்தகைய வீட்டின் கொல்லையில் நாலைந்து கோழிகள் இருப்பின் குழந்தைகளுக்கு முட்டை கிடைக்கும். தறி ஓடாத நாட்களில் கைச்செலவுக்கும் உதவும். ஆயினும் ஒருவர் வீட்டுக் கோழி அயலார்க்குத் தொல்லையாகும்பொழுது நகரசபைக்குப் புகார் செல்கிறது. கோழி வளர்ப்பையே தடை செய்ய வேண்டுமென்ற பேச்சும் எழுகிறது. தடை வேண்டுமா, வரம்பு போதுமா என்பதை அங்கத்தினர்கள் ஆராய வேண்டுகிறோம்.

ஜனநெருக்கம் மிகுந்த இரு மாநகரங்களின் அனுபவம் இங்கு பயன்படும். ஹாங்காங்கில் 1997-ஆம் ஆண்டு பறவைக் காய்ச்சல் மனிதருக்குத் தொற்றி 18 பேர் நோயுற்றனர். அவர்களுள் 6 பேர் மாண்டனர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகள் கொல்லப்பட்டன. 2006-இல், அனுமதியின்றி வீடுகளில் கோழி, வாத்து, புறா முதலியன வளர்ப்பதை அந்நகரம் தடுத்துவிட்டது. நியூயார்க் நகரமோ பெட்டைக் கோழிகளை அனுமதித்து, சேவல், வாத்து, வான்கோழி ஆகியவற்றை விலக்கியது. கூடு சுத்தமாக இருத்தல் வேண்டுமென்றும் விதித்தது. முன்னதில் பறவையே விலக்கப்பட்டது. பின்னதில் தொல்லை தரும் காரணங்கள் விலக்கப்பட்டன. கொடிய நோய் பரவாத ஊருக்குப் பின்னதே ஏற்றதென்பது நமது கருத்து.

தொல்லைகளையும் பரிகாரங்களையும் கீழே கூறுகிறோம்.

1. சத்தம்: விடியுமுன் கூவுவது சேவல். பெட்டை முட்டையிடுவதற்குச் சேவல் தேவையில்லை. குஞ்சு பொரிப்பதற்கே தேவை. ஆகவே நெருக்கமான தெருவில் சேவலைத் தவிர்க்கலாம்.

2. நாற்றமும் ஈயும்: எச்சம் ஈரமானால் நாற்றம் எழும். உமியோ மரத்தூளோ பரப்பி, ஈரம் படாமல் காக்க வேண்டும். கோடையில் ஈ முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் முதல் 10 நாட்கள் ஆகும். ஆதலால் வாரம் இருமுறை எச்சத்தை அகற்றினால் ஈ பெருகாது. அதை மக்க வைத்து விவசாய அங்கத்தினர்களுக்கு எருவாகக் கொடுக்கலாம். பச்சையாக இட்டால் பயிர் கருகும்.

3. திரிதல்: தெருவில் நீட்டிய பாவில் கஞ்சி இருப்பதால் கோழி நாடிவரும். அது கிளறினால் ஒரு குடும்பத்தின் நாள் உழைப்பு வீணாகும். கோழி ஒன்றுக்கு இரண்டு மூன்று சதுர அடியாவது உள்ள கம்பிவலைக் கூடு அவசியம். இடத்துக்கு மிஞ்சி வளர்க்கலாகாது.

4. நோய்: வெள்ளைக் கழிச்சலுக்குக் கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி உண்டு. ஆனால் அது பறவைக் காய்ச்சலைத் தடுக்காது. பல கோழிகள் திடீரென இறந்தால் அவற்றை விற்பதும், உண்பதும், சாக்கடையில் எறிவதும் பெருந்தீங்கு. உடனே கால்நடை மருத்துவருக்கு அறிவிக்க வேண்டும்.

முழுத் தடை வருமாயின் நஷ்டமடைவோர் முட்டையை விலைகொடுத்து வாங்க இயலாத குடும்பத்தினரே. ஆகவே ஒவ்வொரு தெரு அங்கத்தினரும் கூடி, கோழி வளர்க்காதோரையும் கலந்து, மேற்கண்ட வரம்புகளைத் தாமே ஏற்படுத்திக் கொள்வார்களென நம்புகிறோம்.